கடலோர வானொலியில் பயிற்சிக்குப் போகும் தங்கைக்கு

கேள்வி: இராமநாதபுரத்தில் காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் கடலோரத்தில் ஒரு சமுதாய வானொலியின் புரமோஷன் பிரிவில் பயிற்சிக்குச் சேர்கிறேன். கடலில் தந்தையை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக ஓர் அறக்கட்டளை ஜூலை கடைசிச் சனிக்கிழமை மண்டபம் ஊர்க் கடற்கரையில் பாய்மரப் படகுப் போட்டியும் உணவுக் கடைகளும் நடத்தப்போகிறது. அதை மக்களிடம் கொண்டுசேர்க்கும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கும்? போஸ்டர் ஒட்டுவதும் பரிசுப் பை தூக்குவதும்தானா?

பதில்:

தங்கை, போஸ்டரும் ஒட்டத்தான் வேண்டும். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. "கடலில் தந்தையை இழந்த பிள்ளைகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலையின் கடினமெல்லாம் அந்த நான்கு சொற்களில் இருக்கிறது. நான் பிறந்தது தங்கச்சிமடத்தில். மதுரையில் 14 ஆண்டுகள் வானொலி புரமோஷன் வேலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன், சற்று நீளும்.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் கரையில் கடலுக்குப் போய்த் திரும்பாத எல்லாருடைய உடலும் கிடைத்துவிடுவதில்லை. உடல் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்றிதழ் எளிதில் கிடைக்காது. ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் அவர் இறந்துவிட்டதாகச் சட்டம் அனுமானிக்கிறது. அதுவரை அந்த வீட்டில் அவர் "காணாமல்போனவர்". எங்காவது கரை ஒதுங்கியிருப்பார், இலங்கைச் சிறையில் பெயர் மாறிக் கிடப்பார் என்று காத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். நெற்றியில் பொட்டோடு காத்திருக்கும் ஒரு பெண்ணின் பிள்ளையை ஒரு நாளைக்கு ஆறு முறை வானொலியில் "தந்தையை இழந்த பிள்ளை" என்று சொன்னால், அவள் இன்னும் ஏற்றுக்கொள்ளாத ஒரு சாவை ஊருக்கெல்லாம் நாம் அறிவிக்கிறோம். ஆகவே பயிற்சியின் முதல் வாரத்திலேயே அறக்கட்டளைப் பொறுப்பாளரோடு போய், உதவி பெறப்போகும் குடும்பங்களைப் பாருங்கள். ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துப் போக வேண்டாம். உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லும்போது எந்தச் சொல்லைச் சொல்லட்டும் என்று மட்டும் கேளுங்கள். "கடலிலிருந்து திரும்பாத" என்ற சொற்கள் இரண்டு வகைக் குடும்பங்களுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். அவர்கள் வேறு சொல் சொன்னால் அதுவே சரி.

இதை நான் பாடமாகப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிலையத்துக்காக இப்படி ஒரு நிதி திரட்டலில் இருந்தேன். கணவரைக் கடலில் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம் 40 நிமிடம் பேசிப் பதிவு செய்தேன். அதில் அவர் குரல் உடைந்த 20 விநாடியை மட்டும் வெட்டி எடுத்து, பின்னணியில் புல்லாங்குழல் சேர்த்து, இரண்டு வாரம் ஒலிபரப்பினோம். பணம் நன்றாகவே வந்தது. ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். "டீக்கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என் அழுகை எனக்கு முன்னால் போய் நிற்கிறது" என்றார். பள்ளிக்கூடத்தில் மகளுக்குப் "ரேடியோ பிள்ளை" என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் சட்டப்படி கையெழுத்து வாங்கியிருந்தேன். கணவர் போய் மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போடும் மனநிலையில் அவர் இருந்தார். எனக்குத் தெரிந்தே வாங்கிய கையெழுத்து அது. இன்றுவரை என்னால் அதை மறக்க முடியவில்லை.

அதனால் உங்களிடம் உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு குடும்பத்தின் குரல் தேவைப்பட்டால், இறுதியாக வெட்டி ஒட்டிய வடிவத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டு அனுமதி கேளுங்கள். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை முறை வரும் என்பதையும் சொல்லுங்கள். வேண்டாம் என்று எந்த நாளிலும் சொல்லலாம், சொன்ன அன்றே நிறுத்திவிடுவோம், உதவித்தொகைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பெயர், பள்ளியின் பெயர் எதுவும் வேண்டாம். இன்னும் நல்ல வழி, இதே உதவியில் படித்து முடித்து இப்போது வேலையில் இருக்கும் ஒருவரைப் பேச வைப்பது. அப்படி ஒருவர் இல்லையென்றால் பயணம் முடிந்து கரையேறும் ஒரு பெரியவர் பேசட்டும். சக தொழிலாளியின் பிள்ளைகளுக்காக அவர் பேசினால் கரை கேட்கும்.

இனி அன்றாட வேலை. பெரிய நிலையங்களில் நிகழ்ச்சி, விற்பனை, புரமோஷன் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. சமுதாய வானொலியில் நாலைந்து பேரே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்வார்கள். உங்களுக்கு அது நல்லது. ஸ்பாட் எனும் சில விநாடி அறிவிப்பை எழுதுவது, குரல் பதிவு, ஒலிபரப்பு நேர அட்டவணை, லாக் புத்தகத்தில் எது எத்தனை மணிக்குப் போனது என்று குறிப்பது, நேயர் அழைப்புகளை எழுதி வைப்பது, தன்னார்வலர்களைத் திரட்டுவது, அரங்கில் நிற்பது, முடிந்தபின் அறிக்கை என்று முழுச் சுற்றையும் இரண்டு மாதத்தில் பார்த்துவிடலாம். பாம்பனில் 2016 முதல் 90.4இல் ஒலிக்கும் கடல் ஓசை, மீனவர்களுக்கென்றே ஒரு வானொலி நடத்த முடியும் என்று இந்தக் கரைக்குக் காட்டியிருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் ஒரு நாள் முழுக்க அதைக் கேட்டுக் குறிப்பு எடுங்கள்.

சமுதாய வானொலி 100 வாட் அளவிலான சக்தியோடு ஒலிபரப்புவது. சுமார் 10 முதல் 15 கிலோமீட்டர் வரை கேட்கும், தடுப்பில்லாத கடல்மேல் இன்னும் சற்றுப் போகும். மண்டபத்துப் பக்கம் இருந்து ஒலிபரப்பினால் கீழக்கரைக்கும் தொண்டிக்கும் சாயல்குடிக்கும் எட்டாது. அந்த ஊர்களில் இருந்தும் ஆள் வர வேண்டும் என்று அறக்கட்டளை நினைத்தால், ஜும்ஆ தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில், திருப்பலிக்குப் பின் கோயிலில், கிராமத் தலைவரின் வாய்மொழியில் அறிவிப்பு வர வேண்டும். அதற்கு நேரில் போய்க் கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பிவிட்டு ஜமாஅத் தலைவரோ பங்குத்தந்தையோ வாசித்துவிடுவார் என்று இருக்கக் கூடாது.

ஸ்பாட் எழுதுவதைப் பற்றி. 30 விநாடிக்குத் தமிழில் 45 சொற்களுக்கு மேல் எழுதினால் வாசிப்பவருக்கு மூச்சு முட்டும். மூன்று செய்திகளுக்கு மேல் வைக்காதீர்கள்: எங்கே, எப்போது, பணம் எதற்கு. இடமும் நேரமும் கடைசியில் இன்னொரு முறை வர வேண்டும், ஏனென்றால் வானொலி கேட்பவர் முதல் வரியைக் கவனிக்காமல் விட்டிருப்பார். ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன்:

"மண்டபம் வடகடல் கரையில், ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பாய்மர வல்லங்கள் ஓடப்போகின்றன. கரையில் நம் ஊர் வீடுகளில் சமைத்த சாப்பாடு விற்பனைக்கு இருக்கும். அதில் வரும் பணம், அப்பா கடலிலிருந்து திரும்பாத பிள்ளைகளின் பள்ளி, கல்லூரிக் கட்டணத்துக்குப் போகும். திரண்ட தொகை எவ்வளவு என்பதை அடுத்த ஞாயிறு இதே வானொலியில் சொல்வோம். ஞாயிறு மாலை நான்கு மணி, மண்டபம் வடகடல் கரை."

சரியாக 45 சொற்கள். வாசிக்கும்போது ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளலாம். குரலில் சோகம் ஏற்ற வேண்டாம். இந்தக் கரை இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தது. என் அப்பாவின் தலைமுறை பிறந்தநாள் வாழ்த்து முதல் மரண அறிவித்தல் வரை அதில்தான் கேட்டது. ஒரு சாவுச் செய்தியை அலட்டிக்கொள்ளாமல், மரியாதை குறையாமல் எப்படிச் சொல்வது என்று அந்த அறிவிப்பாளர்கள் காட்டினார்கள். அப்படிப் பழகிய காதுகளுக்குப் பொய்யான தழுதழுப்பு உடனே தெரிந்துவிடும்.

ஸ்பாட்டில் யுபிஐ முகவரியை வைக்கலாமா என்று கேட்பார்கள். ஆங்கில எழுத்தும் புள்ளியும் எண்ணும் கலந்த ஒன்றைக் காதால் கேட்டு யாரும் பணம் அனுப்பப்போவதில்லை. பத்து இலக்கக் கைபேசி எண்ணுக்கும் அதே கதிதான். அந்த நேரத்தை, எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடத்தைச் சொல்லப் பயன்படுத்துங்கள்: "பாம்பன் பஸ் நிறுத்தத்து மருந்துக் கடையில் உண்டியல் இருக்கிறது" என்பது போல. கியூஆர் கோடு போஸ்டரில் இருக்கட்டும். அதிலும் ஓர் எச்சரிக்கை. ஒட்டிய கோடுக்கு மேல் வேறொருவர் தன் ஸ்டிக்கரை ஒட்டிப் பணத்தைத் திருப்பிக்கொள்ளும் மோசடி பல ஊர்களில் நடந்திருக்கிறது. தினமும் காலையில் ஒரு சுற்றுப் போய், ஒவ்வொரு போஸ்டரிலும் ஒரு ரூபாய் அனுப்பி, திரையில் அறக்கட்டளையின் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். பயிற்சி மாணவிக்குத் தரக்கூடிய மிகப் பொறுப்பான வேலைகளில் இது ஒன்று.

என் எடுத்துக்காட்டில் சனியை ஞாயிறு ஆக்கியதைக் கவனித்திருப்பீர்கள். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகின்றன, மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. சனிக்கிழமை மாலை விழா வைத்தால் விசைப்படகுத் தொழிலாளர்கள் யாரும் கரையில் இருக்க மாட்டார்கள். ஞாயிறு காலை அவர்கள் திரும்பி, மீனை ஏலம் விட்டு, பங்கு பிரித்து, தூங்கி எழுந்து மாலையில் குடும்பத்தோடு வெளியே வருவார்கள். கையில் நாலு காசும் இருக்கும். தேதி முடிவாகிவிட்டது என்று அறக்கட்டளை சொல்லலாம். நீங்கள் இதை எடுத்துச் சொல்லுங்கள். போஸ்டர் அச்சுக்குப் போகும் வரை எந்தத் தேதியும் முடிவானது இல்லை. ஆடி அமாவாசை எந்த நாளில் வருகிறது என்றும் பாருங்கள். அதை ஒட்டிய நாட்களில் மண்டபம் சாலை முழுக்க ராமேஸ்வரம் போகும் வாகனங்களாக இருக்கும்.

ஜூன் முதல் பாதியைப் பற்றியும் ஒரு சொல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்து அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். வட்டிக்கு வாங்கிப் படகைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் நாட்களில் நன்கொடை கேட்கும் ஸ்பாட் ஒலித்தால், கேட்பவர் மனம் கூசும். கொடுக்க முடியாதவரைக் கூச வைப்பது பெரிய தவறு. ஆகவே தடை முடியும் வரை பணம் என்ற சொல்லே வேண்டாம். அந்த நாட்களில் போட்டிக்கு வல்லங்களின் பெயர் பதிவு, பாய் தைக்கும் பெரியவர்களோடு பேட்டி, பழைய போட்டிகளின் நினைவு என்று நடத்துங்கள். படகு எங்கே ஓட வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். ஜூலை, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றின் காலம். தென்கடல் என்கிற மன்னார் வளைகுடா கொந்தளித்துக் கிடக்கும், வடகடல் என்கிற பாக் நீரிணைப் பக்கம் அமைதியாக இருக்கும். உயிர்காப்பு உடுப்பு, துணைப் படகு, மீன்வளத் துறையிலும் கடலோரக் காவலிலும் அனுமதி ஆகியவை அறக்கட்டளையின் பொறுப்பு. ஆனால் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கண்ணால் பார்க்காமல் போட்டி என்ற சொல்லை ஒலிபரப்பாதீர்கள். திரும்பாதவர்களின் பிள்ளைகளுக்காக நடத்தும் போட்டியில் இன்னொரு ஆபத்து நேரவே கூடாது.

பணத்தின் பக்கம் வருவோம். இங்கே தெரியாமல் செய்யும் பிழைகூட அறக்கட்டளையைக் கவிழ்த்துவிடும். பயிற்சியில் இருப்பவர்களுக்கு உடனே தோன்றும் யோசனை, 50 ரூபாய்க்குக் கூப்பன் விற்று மேடையில் குலுக்கல் நடத்துவது. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி தடைசெய்யப்பட்டிருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு அதிர்ஷ்டத்தின் பேரில் பரிசு கொடுப்பது அந்த வலைக்குள் போய் விழும். வானொலியில் கேள்வி கேட்டு, பதில் சொன்னவருக்கு இலவசமாகப் பரிசு கொடுப்பது வேறு. அதைத் தாராளமாகச் செய்யுங்கள், பரிசு யாருக்குப் போனது என்று பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்தது வெளிநாட்டுப் பணம். நம் மாவட்டத்தில் வளைகுடாவிலும் மலேசியாவிலும் ஆள் இல்லாத தெரு குறைவு. "வெளிநாட்டில் இருக்கும் உறவுகளும் அனுப்பலாம்" என்று ஸ்பாட்டில் சேர்க்கத் தோன்றும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் துபாயில் இருந்து தன் வங்கிக் கணக்கு வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கணக்கில் வராது. மலேசியக் குடிமகனாகிவிட்ட மாமா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே, அதற்கென உள்ள தனிக் கணக்கில் அதை வாங்கலாம். அறக்கட்டளைக்கு அந்தப் பதிவோ அனுமதியோ இல்லையென்றால் "இந்தியக் குடிமக்கள் மட்டும்" என்று போஸ்டரில் அச்சிடுங்கள், வாட்ஸ்அப் செய்தியிலும் எழுதுங்கள். நன்கொடைக்கு 80ஜி என்று சொல்லப்படும் வருமான வரிச்சலுகை உண்டா என்று வியாபாரிகள் கேட்பார்கள். உண்டு என்றால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடைக்காது, காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நிலையம் கொடுக்கும் நேரத்துக்கும் விலை உண்டு. 2024இல் திருத்திய கொள்கைப்படி சமுதாய வானொலி மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் ஒலிபரப்பலாம், 10 விநாடிக்கு 74 ரூபாய் விகிதம் அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 30 விநாடி ஸ்பாட் ஒன்று 222 ரூபாய். நாளைக்கு 6 முறை, 21 நாள் என்றால் 126 ஸ்பாட், 27,972 ரூபாய். இலவசம்தானே என்று இருந்துவிடாமல், லாக் புத்தகத்தில் இருந்து இதை எண்ணி அறிக்கையில் எழுதுங்கள். உள்ளூர்க் கடைக்காரரிடம் சாமியானாவோ அரிசியோ கேட்கப் போகும்போது, வானொலி தன் பங்காக இவ்வளவு கொடுத்திருக்கிறது என்று சொல்ல முடியும்.

விழா நாளில் ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்கு அணைத்துவிட வேண்டும். பேனருக்கு உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். துணிப் பேனர் போதும் என்பேன், கிழிந்த ஃபிளெக்ஸ் கடைசியில் கடலுக்குத்தான் போகும். பலூன் பறக்கவிடும் யோசனையை அதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள். உணவுக் கடை போடும் பெண்களில் கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள், கருவாடு காய வைப்பவர்கள் இருப்பார்கள். மூலப்பொருள் செலவை அன்று இரவே அவர்கள் கையில் கொடுத்துவிட அறக்கட்டளையிடம் சொல்லி வையுங்கள். இல்லாதவர்களுக்கு உதவப் போய் இல்லாதவர்களிடம் கடன் வைக்கும் விழாக்களைப் பார்த்திருக்கிறேன். உண்டியல்களை அறக்கட்டளையைச் சேர்ந்தவர் ஒருவர், ஊரைச் சேர்ந்தவர் ஒருவர் என்று இருவர் முன்னால் திறந்து எண்ணி, அங்கேயே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நீங்கள் எண்ணாதீர்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். பயிற்சி மாணவியின் கையில் பணம் நிற்கக் கூடாது. அது உங்கள் பாதுகாப்புக்கு.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் முக்கியமானது. விழா முடிந்ததும் அவரவர் தூங்கப் போய்விடுவார்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு, எத்தனை பிள்ளைகளுக்கு என்ன கட்டணம் போனது என்று பல விழாக்களில் யாரும் திரும்ப வந்து சொல்வதில்லை. நம் கரையில் படகுப் பங்கை எல்லார் முன்னாலும் வைத்துத்தான் பிரிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள், கணக்குச் சொல்லாதவருக்கு இரண்டாம் முறை கொடுக்க மாட்டார்கள். உங்கள் பயிற்சி ஜூலையோடு முடிகிறது, கணக்கு ஆகஸ்டில்தான் தயாராகும். ஆகவே அந்தக் கணக்கு ஸ்பாட்டை ஜூன் மாதமே எழுதி வைத்துவிடுங்கள். வரவு, செலவு, பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்று இடங்களில் மட்டும் கோடிட்டு விடுங்கள். அழைப்பு ஸ்பாட் போன அதே நேரங்களில், அதே குரலில், குறைந்தது ஒரு வாரம் அது போக வேண்டும் என்று அட்டவணையில் எழுதி, நிலையப் பொறுப்பாளரிடமும் அறக்கட்டளையிடமும் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். முதல் ஸ்பாட் ஒலிபரப்பாவதற்கு முன்பே அந்தத் தாள் கோப்பில் இருக்க வேண்டும்.